டெர்மினலில் ஃபைல் பெயர்கள் ஏன் கலர் கலராக வருகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடியறைக்கு ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் லினக்ஸ் பழக வருகிறார்கள். கிருஷ்ணகிரி, ஆம்பூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்கள் பாதி, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பாதி. முதல் நாள் டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், ஒரு ஃபோல்டரில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைக் காட்டியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இது ஏன் கலர் கலராக வருகிறது? பல வருடங்களாகச் சர்வர் பராமரிப்பில் இருக்கிறேன். இதைச் சின்னக் கேள்வி என்று நான் நினைப்பதில்லை. அந்த நிறங்களைப் படிக்கத் தெரிந்தவர், பெரிய தப்பு ஒன்றைச் செய்யப்போகும் நேரத்தில் கையை எடுத்துவிடுவார். அதனால், வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளை, ஃபோனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோமே அதுபோலத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸில் எதையும் மாற்றாமல் விட்டால் வரும் நிறங்களைத்தான் பேசுகிறேன். மேக்குக்குத் தனியே ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

அக்கா, இந்த நிறத்தை ஃபைலுக்குள் யார் வைத்தது?

யாரும் வைக்கவில்லை. ஃபைலுக்கு நிறம் கிடையாது. நீங்கள் எல்எஸ் அடிக்கும்போது, அது ஒவ்வொரு பெயரையும் எடுத்து, அது என்ன வகை என்று பார்த்து, திரையில் எழுதும் அந்த நொடியில் நிறத்தைப் பூசுகிறது. எந்த வகைக்கு எந்த நிறம் என்பது எல்எஸ்_கலர்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில், அதாவது கட்டளைகள் எடுத்துப் படிக்கும்படி ஒரு பெயரில் வைத்திருக்கும் மதிப்பில், இருக்கிறது. அதன் பெயர் முழுவதும் பெரிய எழுத்து, நடுவில் அடிக்கோடு.

இந்த இடத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது. நிறம் முடிவு செய்ய எல்எஸ் இரண்டு பேரிடம் விசாரிக்கிறது. முதல் ஆள் ஃபைல் சிஸ்டம். இது ஃபோல்டரா, லிங்க்கா, ஓட்டக்கூடிய ஃபைலா, இதில் யார் எழுதலாம் என்று அது சொல்லும். அந்தப் பேச்சை நம்பலாம். இரண்டாவது ஆள் பெயரின் வால், அதாவது .ஜிப், .ஜேபிஜி, .எம்பி3. அதைச் சொல்வது பெயர் வைத்தவர்தான். ஃபைலைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று எல்எஸ் பார்ப்பதே இல்லை.

சந்தேகமாக இருந்தால் செய்து பாருங்கள். டச் கட்டளையால் சம்பளம்.ஜிப் என்று ஒரு காலி ஃபைலை உருவாக்கி எல்எஸ் அடியுங்கள். பளிச்சென்று சிவப்பாக வரும், உள்ளே ஒரு பைட்கூட இருக்காது. உள்ளே இருப்பது தெரிய வேண்டுமென்றால் அதற்கு ஃபைல் என்ற பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. அது திறந்து பார்த்து, காலி என்று சொல்லிவிடும்.

சரி, எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம்?

மனப்பாடம் செய்ய வேண்டாம், நடந்து பார்த்துக் கற்றுக்கொள்வோம். முதலில் எல்எஸ் அடித்து, ஒரு இடம் விட்டு, ஒரே ஒரு சாய்கோடு போடுங்கள். சிஸ்டத்தின் வேர் ஃபோல்டர் திறக்கும். இடிசி, ஹோம், வார் எல்லாம் தடித்த நீலம். அவை சாதாரண ஃபோல்டர்கள். இன்றைய உபுண்டுவில் பின், லிப், எஸ்பின் போன்ற சில மட்டும் இளநீலமாக, கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி தெரியும். அவை சிம்பாலிக் லிங்க். உண்மையான ஃபோல்டர் யுஎஸ்ஆருக்குள் இருக்கிறது, இங்கே இருப்பது கைகாட்டி மட்டும்.

அதே பட்டியலில் டிஎம்பி என்ற பெயர் பச்சைப் பட்டைமேல் கருப்பு எழுத்தாக நிற்கும். அதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எல்எஸ் -எல்டி /டிஎம்பி என்று அடித்தால் இடது ஓரத்தில் பத்து எழுத்து வரும். முதலில் டாகுக்கு வரும் டி, அதாவது டைரக்டரி. அப்புறம் மூன்று மூன்றாக மூன்று கட்டு: உரிமையாளர், குழு, மற்ற எல்லோரும். மூன்று கட்டிலும் படிக்கலாம், எழுதலாம், நுழையலாம். ஆனால் கடைசிக் கட்டின் கடைசியில் எக்ஸ் வரவேண்டிய இடத்தில் டைகருக்கு வரும் டி இருக்கும். அதுதான் ஸ்டிக்கி பிட். ஃபோல்டருக்குள் யார் வேண்டுமானாலும் ஃபைல் போடலாம், ஆனால் அடுத்தவர் போட்டதை அழிக்க முடியாது. ரூட்டுக்கும், அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்குக்கும், அந்த ஃபோல்டரின் சொந்தக்காரருக்கும் மட்டும் விலக்கு. கல்யாண மண்டபத்து வாசலில் செருப்பு விடுகிற இடம் மாதிரி என்று நான் சொல்வேன்: எல்லோரும் விடலாம், அவரவர் செருப்பை அவரவர்தான் எடுக்க வேண்டும்.

பச்சைப் பட்டைமேல் நீல எழுத்து வந்தால், எல்லோரும் எழுதலாம், அந்த டி மட்டும் இல்லை என்று அர்த்தம். யார் போட்டதையும் யாரும் அழிக்கலாம். பலர் வேலை செய்யும் சர்வரில் அந்த நிறத்தைப் பார்த்தால் நான் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, இதை இப்படி வைத்தது யார், ஏன் என்று விசாரிப்பேன்.

அடுத்து எல்எஸ் /யுஎஸ்ஆர்/பின். திரை முழுவதும் தடித்த பச்சை, நடுநடுவே இளநீல லிங்க்குகள். பச்சை என்றால் ஓட்டுவதற்கு அனுமதி உள்ள ஃபைல். அந்தப் பச்சைக் கூட்டத்தில் சூடோ, பாஸ்வேர்ட் மாற்றும் கட்டளை போன்ற சில மட்டும் சிவப்புப் பட்டைமேல் வெள்ளை எழுத்தாக இருக்கும். அவை செட்யுஐடி ஃபைல்கள். ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும், ஃபைலின் உரிமையாளருக்கு உள்ள அதிகாரத்தோடு ஓடும். உரிமையாளர் ரூட் என்றால் ரூட் அதிகாரம். பாஸ்வேர்டை மாற்ற, சாதாரண ஆள் தொடக்கூடாத ஃபைலில் எழுத வேண்டியிருக்கிறது, அதற்காக இந்த ஏற்பாடு. இதே வேலையைக் குழுவின் பெயரில் செய்வது செட்ஜிஐடி, மஞ்சள் பட்டைமேல் கருப்பு எழுத்து. உபுண்டுவில் கிரான்டாப் கட்டளையைத் தேடிப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். யுஎஸ்ஆர்/பின்னில் இந்த நிறங்கள் இயல்பு. ஒருவருடைய ஹோம் ஃபோல்டருக்குள்ளோ டிஎம்பிக்குள்ளோ சிவப்புப் பட்டை தெரிந்தால் அது அங்கே இருக்க வேண்டிய பொருளே இல்லை.

/டெவ் ஃபோல்டரில் ஹார்ட் டிஸ்க், டெர்மினல் எல்லாம் ஃபைலாகத் தெரியும், கருப்புமேல் தடித்த மஞ்சள். நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வைத்திருப்பவை பைப்பும் சாக்கெட்டும். பைப் என்றால் தடிக்காத மஞ்சள். சாக்கெட் கருஞ்சிவப்பு, அதாவது மெஜந்தா.

இதுவரை சொன்னதெல்லாம் முதல் ஆள், ஃபைல் சிஸ்டம் சொன்னது. வாலைப் பார்த்து வருபவை கொஞ்சம்தான். ஜிப், டார், ஜிஇசட் போன்ற சுருக்கிய ஃபைல்கள் தடித்த சிவப்பு. படமும் வீடியோவும் தடித்த கருஞ்சிவப்பு. பாட்டு ஃபைல்கள் தடிக்காத இளநீலம். மீதி பெரும்பாலும், நீங்கள் எழுதிய பைத்தான் நிரல் உட்பட, நிறமில்லாத சாதாரண எழுத்து.

சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் பத்திரம். அப்படித்தானே?

இல்லை. தினம் சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற நமக்கு அப்படித் தோன்றுவது இயற்கை. ஆனால் இங்கே தடித்த சிவப்பு எழுத்து வெறும் ஜிப் ஃபைல். பச்சை என்பது ஓட்டலாம் என்ற அனுமதி மட்டும். ஓட்டினால் நல்லது நடக்குமா கெட்டது நடக்குமா என்று அது சொல்லவில்லை. யாரோ அனுப்பிய ஸ்கிரிப்டுக்கு, அதாவது கட்டளைகளை எழுதி வைத்த ஃபைலுக்கு, நீங்களே ஓட்டும் அனுமதி கொடுக்கும் சிஎச்மாட் +எக்ஸ் போட்டால் அதுவும் பச்சையாகிவிடும். கவனமாக இருக்க வேண்டிய நிறம் என்று கேட்டால், எழுத்தின் நிறத்தைவிடப் பின்னால் இருக்கும் பட்டையைப் பாருங்கள் என்பேன். பட்டை போட்டு வருபவை பெரும்பாலும் அனுமதி சம்பந்தப்பட்டவை.

என் பேக்கப்.டார்.ஜிஇசட் சிவப்பாகத்தானே வரவேண்டும்? பச்சையாக வருகிறது.

அதற்கு ஓட்டும் அனுமதி இருக்கிறது. இரண்டும் மோதும்போது ஃபைல் சிஸ்டம் சொல்வதுதான் ஜெயிக்கும், வாலைப் பிறகுதான் பார்க்கும். சிஎச்மாட் -எக்ஸ் போடுங்கள், சிவப்பாகிவிடும்.

நீலம், இளநீலம் இரண்டும் எனக்கு ஒரே மாதிரி தெரிகிறது. அவ்வளவு முக்கியமா?

முக்கியம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பெங்களூர் வந்து இரண்டாவது வேலை. இரவு ஷிஃப்ட், டிஸ்க் 97 சதவீதம் நிரம்பிவிட்டதாக அலாரம். ரிப்போர்ட்ஸ்_ஓல்ட் என்று ஒரு பெயர் கண்ணில் பட்டது. பழைய நகல் என்று பெயரே சொல்கிறதே என்று, உள்ளே இருப்பதையெல்லாம் கேட்காமல் அழிக்கும் ஆர்எம் -ஆர்எஃப் ரிப்போர்ட்ஸ்_ஓல்ட்/* அடித்தேன். அது ஃபோல்டர் இல்லை, லிங்க். யாரோ பெயர் மாற்றும்போது பழைய பெயரும் வேலை செய்யட்டும் என்று, நடப்பிலிருக்கும் ரிப்போர்ட் ஃபோல்டருக்கே லிங்க் போட்டு வைத்திருந்தார்கள். சாய்கோடும் நட்சத்திரமும் சேர்ந்ததால் ஷெல், அதாவது நாம் அடிப்பதைப் படித்து ஓட்டும் நிரல், லிங்க்கின் வழியாக உள்ளே போய், அங்கிருந்த உண்மையான ஃபைல்களைப் பட்டியலிட்டு ஆர்எம்மிடம் கொடுத்துவிட்டது. பேக்கப்பிலிருந்து திரும்பக் கொண்டுவந்து முடிக்கும்போது விடிந்துவிட்டது, கடைசி நாள் ரிப்போர்ட்டுகள் பேக்கப்பில் இல்லவே இல்லை. அடுத்த நாள் திரையை மேலே உருட்டிப் பார்த்தேன். அந்தப் பெயர் இளநீலமாகத்தான் இருந்தது. எல்எஸ் சொல்லியிருக்கிறது, நான் படிக்கவில்லை.

அதனால் அழிக்கும் முன் ஒருமுறை எல்எஸ் -எல் அடித்துவிடுங்கள். லிங்க் என்றால் வரியின் முதல் எழுத்து எல், பெயருக்குப் பின் அம்புக்குறியும் அது காட்டும் இடமும் இருக்கும். லிங்க்கை மட்டும் நீக்க வேண்டுமென்றால் கடைசியில் சாய்கோடு இல்லாமல் ஆர்எம் போட்டு அந்தப் பெயரை எழுதினால் போதும். கைகாட்டி மட்டும் போகும், ஊர் அங்கேயே இருக்கும்.

ஒரு லிங்க் கருப்புமேல் சிவப்பாக வருகிறது. ஒரு பழைய சர்வரில் மினுக்கவே செய்தது. வைரஸா?

வைரஸ் இல்லை. உடைந்த லிங்க். அது காட்டும் இடத்தில் எதுவும் இல்லை. சென்ட்ஓஎஸ் 7 போன்ற பழைய சர்வர்களில் எல்எஸ் -எல் அடித்தால், அம்புக்குறிக்குப் பின் வரும் பெயர் மினுக்கும்படி அமைத்திருந்தார்கள்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். உண்மையான ஃபைலை யாரோ நகர்த்தியோ அழித்தோ இருப்பார்கள். அல்லது லிங்க் போடும்போது பாதையைத் தப்பாகக் கொடுத்திருப்பார்கள். புதியவர்கள் லிங்க் போட எல்என் -எஸ் அடிக்கும்போது தாங்கள் நிற்கும் இடத்திலிருந்து பாதை கொடுக்கிறார்கள். ஆனால் சாய்கோட்டில் தொடங்காத பாதை, லிங்க் இருக்கும் இடத்திலிருந்துதான் கணக்காகும். இதில் சிக்காதவர் என் வகுப்பில் இதுவரை இல்லை. மூன்றாவது காரணம், அந்த இடம் வேறொரு டிஸ்க்கில் இருந்து, அந்த டிஸ்க் மவுண்ட் ஆகாமல், அதாவது சிஸ்டத்தோடு இணைக்கப்படாமல், இருப்பது. இந்த மூன்றாவதுக்காகத்தான் சொல்கிறேன், சிவப்பைப் பார்த்ததும் லிங்க்கை அழித்துவிடாதீர்கள். டேட்டா பத்திரமாக இருக்கும், டிஸ்க்கை மவுண்ட் செய்ததும் லிங்க் தானாக இளநீலத்துக்குத் திரும்பும். ஒரு ஃபோல்டருக்குள் உடைந்த லிங்க்குகளை எல்லாம் தேட ஃபைண்ட் . -எக்ஸ்டைப் எல் என்று கொடுங்கள்.

விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யுஎஸ்எல் போட்டேன். என் டி டிரைவ், சி டிரைவ் எல்லாமே பச்சைப் பட்டையில் நீலமாக, படிக்கவே முடியவில்லை. எதைக் கெடுத்தேன்?

எதையும் கெடுக்கவில்லை. பி.டி.எம். லேஅவுட்டில் பி.ஜி.யில் இருக்கும் தம்பி ஒருவன் இதற்காக இரண்டு தடவை டபிள்யுஎஸ்எல்லை நீக்கிவிட்டு மறுபடி போட்டான். பாவம், ஒரு ஞாயிறு முழுக்கப் போய்விட்டது.

விண்டோஸ் டிரைவுகள் /எம்என்டி/சி, /எம்என்டி/டி என்ற பெயரில் லினக்ஸுக்குள் தெரிகின்றன. விண்டோஸின் அனுமதி முறை வேறு, லினக்ஸின் மூன்று கட்டு முறை வேறு. ஒன்றை இன்னொன்றாகச் சரியாக மாற்ற வழியில்லாததால் டபிள்யுஎஸ்எல் எல்லாவற்றுக்கும் 777 என்று, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் என்று காட்டிவிடுகிறது. எல்எஸ் அதை அப்படியே நம்புகிறது. எல்லோரும் எழுதலாம், ஸ்டிக்கி பிட் இல்லை, அப்படியானால் பச்சைப் பட்டைமேல் நீலம். ஃபைல்களுக்கு ஓட்டும் அனுமதி இருப்பதாகத் தெரிவதால் வேர்ட் ஃபைல், ஆதார் ஸ்கேன் எல்லாம் பச்சை.

சரிசெய்ய, /இடிசி ஃபோல்டரில் டபிள்யுஎஸ்எல்.கான்ஃப் ஃபைலைத் திறந்து, சதுர அடைப்புக்குறிக்குள் ஆட்டோமவுண்ட் என்று எழுதி, அடுத்த வரியில் ஆப்ஷன்ஸ் = "மெட்டாடேட்டா,யுமாஸ்க்=22" என்று கொடுங்கள். அப்புறம் விண்டோஸ் பக்கம் போய் டபிள்யுஎஸ்எல் --ஷட்டவுன் அடித்துவிட்டு மறுபடி திறந்தால் ஃபோல்டர்கள் அமைதியான நீலத்துக்கு வந்துவிடும். ஃபைல்கள் பச்சையாகவே இருக்கும், அதில் கவலை இல்லை. இதைவிட நல்ல வழி, நிரல் எழுதும் வேலையை லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்வது. டபிள்யுஎஸ்எல் 2இல் அது வேகமாகவும் இருக்கும்.

என்டிஎஃப்எஸ் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினாலும் எல்லாம் பச்சை. இதுவும் அதேதானா?

அதே கதைதான், என்டிஎஃப்எஸ் என்பதும் விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்.

ஆபீஸில் மேக். அதில் என் ஸ்கிரிப்ட் சிவப்பாக வருகிறது, லிங்க் கருஞ்சிவப்பாக வருகிறது. எது சரி?

இரண்டும் சரி. மேக்கில் இருப்பது பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வழிவந்த எல்எஸ், லினக்ஸில் இருப்பது க்னூ எல்எஸ். பெயர் ஒன்று, எழுதியவர்கள் வேறு. மேக்கில் இயல்பாக ஃபோல்டர் நீலம், லிங்க் கருஞ்சிவப்பு, ஓட்டக்கூடிய ஃபைல் சிவப்பு. லினக்ஸிலிருந்து போகிறவர் அந்தச் சிவப்பைப் பார்த்து ஜிப் என்று நினைப்பார். இன்னொரு பெரிய வித்தியாசம், மேக்கின் எல்எஸ் பெயரின் வாலைப் பார்த்து நிறம் கொடுப்பதே இல்லை. படமும் ஜிப்பும் அங்கே சாதாரண எழுத்துதான்.

நிறம் வர எல்எஸ் -ஜி என்று பெரிய எழுத்து ஜி போடலாம், அல்லது சிஎல்ஐகலர் என்ற வேரியபிளுக்கு 1 கொடுக்கலாம், அந்தப் பெயர் முழுவதும் பெரிய எழுத்து. நிறம் மாற்றும் வேரியபிளின் பெயர் எல்எஸ்கலர்ஸ், அதுவும் பெரிய எழுத்து, ஆனால் இங்கே நடுவில் அடிக்கோடு கிடையாது. உள்ளே எழுதும் முறையும் வேறு: எண்களுக்குப் பதில் ஜோடி ஜோடியாக எழுத்துகள். ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது எழுத்தின் நிறம், இரண்டாவது பின்னணி. லினக்ஸ் வரியைக் கொண்டுபோய் மேக்கில் ஒட்டினால் வேலை செய்யாது.

என் லேப்டாப்பில் நிறம் வருகிறது, சர்வருக்குள் போனால் காணோம். சூடோ போட்டாலும் காணோம்.

க்னூ எல்எஸ் தானாக நிறம் போடாது. --கலர்=ஆட்டோ என்று கேட்டால்தான் போடும். உங்கள் லேப்டாப்பில் கேட்காமலே வருவதற்குக் காரணம், ஹோம் ஃபோல்டரிலுள்ள .பேஷ்ஆர்சி ஃபைலில் எல்எஸ் என்றால் எல்எஸ் --கலர்=ஆட்டோ என்று ஒரு ஏலியாஸ், அதாவது மாற்றுப்பெயர், போட்டு வைத்திருக்கிறார்கள். சர்வரில் உங்கள் கணக்கில் அந்த வரி இல்லாவிட்டால் நிறமும் இல்லை. சூடோ எல்எஸ் அடிக்கும்போது வரியின் முதல் சொல் சூடோ. ஏலியாஸ் முதல் சொல்லுக்குத்தான் வேலை செய்யும், அதனால் வெறும் எல்எஸ் ஓடுகிறது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது இதில்தான். நமக்குப் பள்ளிக்கூடத்தில் கலர் என்பதை யு போட்டு எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே யு கிடையாது. யு போட்டால் எல்எஸ் அப்படி ஒரு ஆப்ஷன் தெரியாது என்று சொல்லிவிடும். வேரியபிள் பெயரில் யு போட்டாலோ எந்தத் தகவலும் வராது, மாற்றமும் வராது. எழுதியது சரிதானே என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

எல்எஸ் பட்டியலை ஒரு ஃபைலில் சேமித்தேன். திறந்தால் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் [01;34எம் என்று குப்பை.

அது குப்பை இல்லை, அதுதான் நிறம். டெர்மினலுக்கு வருவது வெறும் எழுத்தோட்டம். அதன் நடுவில் 27 என்ற எண்ணுள்ள எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்புக்குறி, சில எண்கள், கடைசியில் எம் என்று வந்தால், இதற்குப் பின் வருவதை இந்த நிறத்தில் எழுது என்று டெர்மினல் புரிந்துகொள்ளும். 01 என்றால் தடிப்பு. 30இலிருந்து 37வரை எழுத்தின் நிறங்கள், 40இலிருந்து 47வரை பின்னணி. 34 நீலம், 32 பச்சை, 31 சிவப்பு. பெயர் முடிந்ததும் 0 அனுப்பினால் பழைய நிலைக்குத் திரும்பும். இந்த மாதிரிக் குறியீடுகளை ஒழுங்குபடுத்தும் எக்மா-48 தரத்தின் முதல் பதிப்பு 1976இல் வந்தது. 1978இல் வந்த விடி100 டெர்மினல் இவ்வகைக் குறியீடுகளைப் பரவலாக்கியது. அதன் திரையில் நிறமே கிடையாது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

உங்கள் ஃபைலில் இது விழுந்ததற்குக் காரணம், எங்கோ --கலர்=ஆல்வேஸ் என்று கொடுத்திருக்கிறீர்கள். ஆட்டோ என்றால், எதிரில் இருப்பது டெர்மினலா என்று எல்எஸ் கேட்டுப் பார்க்கும், ஃபைலோ பைப்போ என்றால் நிறக் குறியீட்டை விட்டுவிடும். ஸ்கிரிப்டுக்குள் ஆல்வேஸ் ஒருபோதும் வேண்டாம். பெயரோடு கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும், அடுத்த கட்டளை அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று சொல்லும், உங்களுக்கோ பெயர் சரியாகத்தான் தெரியும். நீளமான பட்டியலை நிறத்தோடு நிறுத்தி நிறுத்திப் படிக்க மட்டும் ஆல்வேஸ் கொடுத்து, லெஸ் -ஆர் என்ற கட்டளைக்கு அனுப்புங்கள். ஆர் பெரிய எழுத்து.

எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய மானிட்டர். கருப்பில் நீலம் தெரியவே இல்லை. மாற்ற முடியுமா?

முடியும், மாற்றவும் வேண்டும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்யாதீர்கள். 34 என்று எல்எஸ் அனுப்புவது நீலம் என்ற சொல் மட்டும்தான். எந்த நீலம் என்பது டெர்மினலின் முடிவு. விண்டோஸ் கன்சோலின் பழைய நீலம் 0,0,128 என்ற இருண்ட நீலம். நவீனத் திரைகளில் படிக்க முடியவில்லை என்று 2017இல் மைக்ரோசாஃப்ட் அதை 0,55,218 ஆக மாற்றியது. அதனால் முதலில் உங்கள் டெர்மினல் செட்டிங்ஸில் வேறு கலர் ஸ்கீம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மாற்றத்தில் எல்லாக் கட்டளைக்கும் சரியாகிவிடும்.

எல்எஸ்ஸுக்கு மட்டும் மாற்ற, டிர்கலர்ஸ் -பி என்ற கட்டளையின் வெளியீட்டை ஹோம் ஃபோல்டரில் .டிர்கலர்ஸ் என்ற ஃபைலில் சேமியுங்கள். பி சின்ன எழுத்து, பைப்புக்கு வரும் பி. அதைத் திறந்தால் எல்லா வகையும் வரிவரியாக, எளிய குறிப்புகளோடு இருக்கும். பெரிய எழுத்தில் டிஐஆர் என்று தொடங்கும் வரியில் 01;34 இருக்கும் இடத்தில் 01;94 என்று போட்டால் வெளிச்சமான நீலம். 01;33 போட்டால் மஞ்சள். இளநீலம் மட்டும் வேண்டாம், லிங்க்கோடு குழம்பும், அதன் விலை என்ன என்று மேலே சொல்லிவிட்டேன். உபுண்டுவின் .பேஷ்ஆர்சி இந்த ஃபைல் இருந்தால் தானே எடுத்துக்கொள்ளும், டெர்மினலை மூடித் திறந்தால் போதும்.

என் நண்பனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அவன் என்ன செய்வான்?

எல்எஸ் -எஃப். எஃப் பெரிய எழுத்து. ஃபோல்டர் பெயருக்குப் பின் சாய்கோடு, ஓட்டக்கூடிய ஃபைலுக்கு நட்சத்திரம், லிங்க்குக்கு மெயில் முகவரியில் வரும் அட் குறி, பைப்புக்குச் செங்குத்துக் கோடு, சாக்கெட்டுக்குச் சமக்குறி என்று அதுவே போட்டுக் காட்டும். நிறத்தில் இருக்கும் முக்கியமான விவரம் பெரும்பாலும் இதில் வந்துவிடும். வாலைப் பார்த்து வரும் நிறம் இதில் இல்லை, வால்தான் கண்ணெதிரே இருக்கிறதே. செட்யுஐடி, ஸ்டிக்கி இரண்டும் இதில் தெரியாது. அவற்றுக்கு எல்எஸ் -எல் அடித்து இடது ஓரத்துப் பத்து எழுத்தைப் படிக்க வேண்டும். எக்ஸ் வரும் இடத்தில் எஸ் இருந்தால் செட்யுஐடி அல்லது செட்ஜிஐடி. நிறம் நன்றாகத் தெரிகிறவர்களும் இதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. தெரியாத சர்வரில் நிறம் இல்லாமல் நிற்கும்போது கைகொடுப்பது இதுதான்.

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் நிறம் வருமா?

தாராளமாக வரும். அம்மா.ஜேபிஜி என்று வைத்தால் கருஞ்சிவப்பாகவே வரும், வால் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். சில சர்வர்களில் பெயருக்குப் பதில் \340\256\205 என்று எண்ணாக வரும். மொழி அமைப்பு, எல்லா மொழி எழுத்துகளையும் காட்டத் தெரிந்த யுடிஎஃப்-8 ஆக இல்லாமல், ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்த சி என்ற அமைப்பாக இருப்பதால் வருவது அது. யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட். எல்லாமே 340இல் தொடங்கும், அடுத்தது 256 அல்லது 257. மேலே காட்டிய மூன்று எண்ணும் சேர்ந்தது அம்மாவின் அ. எக்ஸ்போர்ட் எல்சி_ஆல்=சி.யுடிஎஃப்-8 என்று கொடுத்துவிட்டு மறுபடி எல்எஸ் அடியுங்கள், எண்கள் போய் அம்மா வந்துவிடும். எக்ஸ்போர்ட் மட்டும் சின்ன எழுத்து, மீதி எல்லாம் பெரிய எழுத்து.